கையில் வந்தது நூற்று முப்பத்தெட்டு

செராமிக் பள்ளிப் பழைய மாணவர்கள் மலர் ஒன்று போடுகிறார்கள். சங்கச் செயலாளர் என் வீட்டுக்கே வந்துவிட்டார். "சார், விருத்தாசலத்துலேருந்து மொதல்ல வெளிநாடு போனவங்கள்ல நீங்க ஒருத்தர். இப்ப நம்ம பசங்க மஸ்கட்டு, கத்தாருன்னு கெளம்புறாங்க. அவங்களுக்கு ஊக்கமா இருக்குற மாதிரி நாலு பக்கம் எழுதிக் குடுங்க" என்றார். எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டேன். ஊக்கமாக இருக்கும் என்று மட்டும் சொல்லவில்லை. அவர் இதைப் போடுவாரா என்பது சந்தேகம்தான். நடந்ததை எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு நல்லூர் பக்கத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் இரண்டு காணி நிலம். எஸ்.எஸ்.எல்.சி. முடித்ததும் அறுபதுகளின் தொடக்கத்தில் செராமிக் பள்ளியில் சேர்ந்தேன். மண் பிசைந்தேன், அச்சு வார்த்தேன், சூளை எரித்தேன். இரண்டு வருஷம் அப்படிப் போனது. அங்கே பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தவன் வரதராஜன். ஸ்ரீமுஷ்ணத்துக்காரன், அவன் அப்பா கோயில் அலுவலகத்தில் எழுத்தர். பளபளப்புப் பூச்சில் அவன் கெட்டிக்காரன். ஒரு கோப்பையைக் காதருகே பிடித்து நகத்தால் சுண்டினால் போதும், உள்ளே விரிசல் இருக்கிறதா என்று சொல்லிவிடுவான்.

படிப்பு முடிந்ததும் அவனுக்குச் சர்க்கார் செராமிக் நிலையத்தில் வேலை கிடைத்தது. நிரந்தர வேலை, பென்ஷன் உண்டு. எனக்குக் கிடைத்தது தனியார் பட்டறையில் சூளை எரிக்கும் வேலை, வாரக்கூலி. இரண்டு பேரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் குடியிருந்தோம். வருமான வரி என்ற சொல் எங்கள் இருவர் வாழ்க்கையிலும் அதுவரை நுழைந்ததே இல்லை. அது பெரிய மனிதர்களின் சமாச்சாரம். எங்களுக்குச் சம்பளம் என்றால் கையில் வாங்குவதுதான்.

சூளை எரிப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதனால்தான் என்னை வெளிநாட்டுக்குக் கூப்பிட்டார்கள். எங்களுடையது வட்டமான கரிச்சூளை, எட்டு அடுப்பு வாய்கள். முதல் பன்னிரண்டு மணி நேரம் ஈரத்தைப் போக்குவது மட்டும்தான் வேலை. அவசரப்பட்டால் உள்ளே இருக்கும் சாமான் வெடிக்கும். பிறகு எட்டு வாயிலும் வரிசை மாறாமல் கரி போட வேண்டும். சூளைச் சுவரில் ஒரு துளை இருக்கும். அதன் வழியாக நீலக் கண்ணாடி வைத்து உள்ளே பார்த்தால் விரல் அளவு மண் கூம்புகள் மூன்று நிற்பது தெரியும். முதல் கூம்பு சாய்ந்தால் எச்சரிக்கை. இரண்டாவது வளைந்து அதன் மூக்கு தரையைத் தொட்டால் போதும், தீயை நிறுத்த வேண்டும். மூன்றாவது அசையாமல் நிற்க வேண்டும். அதுவும் சாய்ந்துவிட்டால் மொத்தச் சூளையும் பாழ். அறுபது மணி நேரம் எரித்து, மூன்று நாள் ஆறவிட்டுத்தான் கதவுக் கல்லைப் பிரிப்போம்.

எழுபதுகளின் தொடக்கத்தில், ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டுக்குப் பீங்கான் தொழிற்சாலை ஒன்றுக்கு ஆள் எடுப்பதாகப் பேப்பரில் விளம்பரம் வந்தது. சென்னையில் ஒரு ஓட்டல் அறையில் பேட்டி. அந்தத் தொழிற்சாலையின் மேனேஜரே வந்திருந்தார், சிவசங்கரன் என்று பெயர். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, மெல்லிய குரல். என்னை நாற்காலியில் உட்கார வைத்து, டீ வரவழைத்துக் கொடுத்து, "ரெண்டாவது கோன் சாயாமல் அப்படியே நின்னா என்ன செய்வீங்க மிஸ்டர் கலியபெருமாள்?" என்று கேட்டார். அதுவரை என்னை யாரும் மிஸ்டர் என்று கூப்பிட்டதில்லை. பதில் சொன்னேன். தலையாட்டினார். பிறகு ஒரு சின்னத் துண்டுக் காகிதத்தை எடுத்தார். பேனாவைத் திறந்து நிதானமாக '240' என்று எழுதினார். மை உலர ஊதினார். காகிதத்தை எனக்கு நேராக வரும்படி மெல்லத் திருப்பி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாதம் இருநூற்று நாற்பது குவாச்சா. ஒரு குவாச்சா அப்போது ஏறக்குறைய பதினோரு ரூபாய். நான் மனசுக்குள் பெருக்கி முடிக்கட்டும் என்றுதான் அவர் ஜன்னலைப் பார்த்தார் என்று பின்னால் புரிந்தது. இரண்டாயிரத்து அறுநூறு ரூபாய்! பட்டறையில் எனக்கு மாதத்துக்கு இருநூறு தேறினால் பெரிசு. நான் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. மூன்று வருஷ ஒப்பந்தம். நடுவில் நின்றால் போகவர விமானக் கட்டணம் முழுவதையும் நான் கட்ட வேண்டும். கையெழுத்துப் போட்டேன்.

ஊர் திரும்பி நான் செய்த முதல் காரியம் அந்த எண்ணை எல்லோரிடமும் சொன்னது. மாமனார் அதைக் கேட்டுவிட்டு என் மச்சினிக்கு ஒரு படி மேலான இடத்தில் சம்பந்தம் பேசினார். நிலத்தை அடமானம் வைத்துக் கல்யாணம் முடித்தார். "மாப்ள மாசம் ஆயிரம் அனுப்புனா ரெண்டு வருஷத்துல மீட்டுரலாம்" என்றார். என் மனைவி தனம் என்னைப் பார்த்தாள். "அதுக்கென்ன மாமா, ஆயிரத்துக்கு மேலயே அனுப்பலாம்" என்றேன்.

அங்கே போய் முதல் மாதச் சம்பளச் சீட்டு கைக்கு வந்தது. மேலே 240 என்று சரியாகத்தான் போட்டிருந்தார்கள். அதன் கீழே வரி 52. சேமநிதி 12. கம்பெனி வீட்டு வாடகை 18. கம்பெனி கொடுத்த டிக்கெட்டில் பாதி முன்பணமாம், அதற்கு 20. கையில் வந்தது 138. அதோடு போகவில்லை. கையில் வருவதில் பாதிக்கு மேல் நாட்டை விட்டு வெளியே அனுப்ப பாங்கி ஒத்துக்கொள்ளாது. பாதி என்றால் அறுபத்தொன்பது. ரூபாயில் எழுநூற்று ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே.

நான் மேனேஜர் அறைக்குப் போனேன். அவர் உட்காரச் சொன்னார், டீ வரவழைத்தார்.

"நீங்க எழுதிக் காட்டுனது எரநூத்தி நாப்பது சார்."

"ஆமா. அதுதான் உங்க சம்பளம்."

"கைக்கு வர்றது நூத்தி முப்பத்தெட்டுங்களே."

"வரி சர்க்கார் விஷயம் மிஸ்டர் கலியபெருமாள். அதை நான் எப்படிக் குறைக்கிறது? நீங்க அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே" என்று சிரித்தார்.

அவர் சொன்னது பொய்யில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்த ஆளிடம் இதுதான் வயிற்றெரிச்சல். அவரைப் பொய்யர் என்று சொல்ல வழியே இல்லை. நான் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

நூற்று முப்பத்தெட்டும் ஒரு தனி ஆளுக்குக் குறைவான காசு இல்லை. உண்மையை ஊருக்கு எழுதியிருந்தால் கௌரவமாகவே பிழைத்திருக்கலாம். அரிசி விலை அதிகம் என்று மக்காச்சோள மாவுக்கு மாறினேன். சின்னக் கருவாடு, பீன்ஸ், அடுப்புக்கரி, சோப்பு எல்லாம் சேர்த்து மாதம் நாற்பத்தைந்துக்குள் அடக்கினேன். அறுபத்தொன்பதை அனுப்பினேன். மீதி இருபத்துநாலு. ஆனால் ஊரில் எல்லோரும் இரண்டாயிரத்து அறுநூறு என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "மீதிப் பணம் என்ன ஆவுதுன்னு அப்பா கேக்குறாரு" என்று தனம் எழுதினாள். "இங்கேயே பாங்கியில் போட்டு வருகிறேன், மொத்தமாகக் கொண்டுவருவேன்" என்று பதில் எழுதினேன். அதுதான் முதல் பொய்.

ஆறேழு மாதம் கழித்து வரதராஜன் கடிதம் எழுதினான். பூச்சுப் பிரிவுக்கு ஆள் வேண்டும் என்று அதே மேனேஜர் விளம்பரம் கொடுத்திருந்தார். அவனும் சென்னைக்குப் போய், அதே துண்டுக் காகிதத்தில் அதே 240ஐப் பார்த்துவிட்டு வந்திருந்தான். ஆனால் அவன் என்னைப் போல் அவசரக்காரன் இல்லை. கையெழுத்துப் போடாமல் ஒரு மாதம் தவணை வாங்கியிருந்தான். கடிதத்தில் தெளிவாகக் கேட்டிருந்தான்: 'பிடித்தம் எல்லாம் போகக் கையில் எவ்வளவு வரும்? கோமளாவையும் குழந்தையையும் விட்டுவிட்டு வர எனக்கு மனசில்லை. மூன்று பேர் சாப்பிட்டால் எவ்வளவு மிஞ்சும்? நிலையத்தில் நீண்ட விடுப்பு தர மாட்டோம் என்கிறார்கள். ராஜினாமாதான் செய்ய வேண்டும். நீ என்ன சொல்கிறாயோ அதன்படி செய்கிறேன்.'

நான் முதலில் உள்ளதைத்தான் எழுதினேன். வரி ஐம்பத்திரண்டு, வாடகை, மற்றதெல்லாம். சர்க்கார் வேலையை விடாதே என்றும் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டும்போதுதான் உறைத்தது. அவன் பக்கத்து வீடு. கோமளாவும் தனமும் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பவர்கள். இந்தக் கடிதம் போய்ச் சேர்ந்தால் மறுநாளே தனத்துக்குத் தெரியும், அந்த வாரமே மாமனாருக்குத் தெரியும். பாங்கியில் நான் போட்டுவருவதாகச் சொன்ன பணம் அதோடு போச்சு.

அதைக் கிழித்துப் போட்டேன். வேறு காகிதம் எடுத்தேன். 'சம்பளம் 240. மூன்று பேருக்குத் தாராளமாகப் போதும். வா' என்று எழுதினேன். மூன்றே வாக்கியங்கள்.

அவன் ராஜினாமா செய்தான். மனைவிக்கும் குழந்தைக்கும் டிக்கெட் கம்பெனி தராது என்பதால் கோமளாவின் சங்கிலியையும் வளையல்களையும் விற்றான். நான் விமான நிலையத்துக்குப் போய் அழைத்துவந்தேன். நாலு வயதுப் பெண் குழந்தை, பேர் பூமா. குளிருக்குத் துண்டால் அதன் தலையைச் சுற்றியிருந்தார்கள். "அண்ணே, நீங்க இங்க இருக்கீங்கன்ற தைரியத்துலதான் வந்தோம்" என்றாள் கோமளா.

அந்த மாதக் கடைசியில் அவன் சம்பளச் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்தான். குடும்ப வீடு என்பதால் அவனுக்கு வாடகை முப்பது. கையில் வந்தது நூற்று இருபத்தாறு. அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் உடைத்துச் சொல்லியிருப்பேனோ என்னவோ.

"என்னடா கலியா இது, பாதிக்குப் பாதி போயிடுது? உனக்கும் இப்டித்தான் வருதா?"

"இந்த மாசத்துலேருந்துதான்டா வரிய ஏத்திட்டாங்க. எனக்கும் அடிதான்" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

"நம்ம நேரம் பாரு. நான் வர்ற மாசமா பாத்து ஏத்துறானுங்க" என்று சிரித்தான். பிறகு என்னிடம் ஒரு காகிதம் கேட்டான். அதில் பட்ஜெட் எழுதினோம். மாவும் கொஞ்சம் அரிசியும் முப்பத்துநாலு. குழந்தைக்குப் பால் எட்டு. எண்ணெய், பருப்பு, காய் இருபத்திரண்டு. கரியும் மின்சாரமும் ஒன்பது. பஸ் ஆறு. பூமாவின் பள்ளிக்குப் பத்து. ஸ்ரீமுஷ்ணத்தில் அம்மாவுக்கு இருபது. சோப்பு, மருந்து ஏழு. கூட்டினால் நூற்றுப் பதினாறு. மிச்சம் பத்து.

அவன் பென்சிலை வைத்துவிட்டு அந்தப் பத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷம் மாதம் பத்து சேர்த்தால் முந்நூற்று அறுபது. கோமளாவும் குழந்தையும் ஊர் திரும்ப டிக்கெட் ஐந்நூறைத் தாண்டும். "அப்ப மூணு வருஷம் ஒழச்சாலும் ஊருக்குத் திரும்பிப் போற காசு கூடத் தேறாதாடா?" என்று கேட்டான். நான் கூட்டலைச் சரிபார்ப்பது போலக் காகிதத்தைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

முதலில் பஸ் போனது. நாலு மைல் நடந்து வேலைக்கு வந்தான். பிறகு அரிசி போனது. பிறகு பூமாவின் பள்ளி. கடைசியில் பாலைப் பாதியாக்கினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுதல் ஷிப்டு பார்த்தான். அதற்கும் வரி பிடித்தார்கள்.

மனைவி, பிள்ளையோடு இருப்பவனுக்கு வரியில் சலுகை உண்டு என்பதை உள்ளூர்க் குமாஸ்தா ஒருவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். ஒரு படிவம் பூர்த்தி செய்து, மேனேஜர் கையெழுத்தோடு வரி அலுவலகத்துக்குப் போக வேண்டும். மாதம் பதினாலு குவாச்சா குறையும். வரதராஜன் படிவத்தை எழுதி, கல்யாணச் சான்றை ஊரிலிருந்து வரவழைத்து இணைத்து, மேனேஜரிடம் கொடுத்தான். சிவசங்கரன் அதை முழுக்கப் படித்தார். "நல்லா எழுதியிருக்கீங்க மிஸ்டர் வரதராஜன்" என்று பாராட்டி மேஜை டிராயரில் வைத்தார். அடுத்த வெள்ளிக்கிழமை பார்க்கலாம் என்றார். அடுத்த வெள்ளியும் போனான். நாற்காலி, டீ, விசாரிப்பு எல்லாம் நடக்கும். டிராயரை இழுத்து, படிவம் இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி மூடுவார். "இருக்கு. பத்திரமா இருக்கு. வெள்ளிக்கிழமை பார்க்கலாம்." குரலை உயர்த்தமாட்டார். கையெழுத்துப் போட அரை நிமிஷம் ஆகும். எட்டு மாதம் போடவில்லை. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவருக்கு அதில் ஒரு பைசா லாபம் கிடையாது. ஒவ்வொரு முறையும் வரதராஜன் நன்றி சொல்லிவிட்டுத்தான் வெளியே வந்தான்.

அந்த எட்டு மாதமும் என் கையில் இருபத்துநாலு மிஞ்சிக்கொண்டுதான் இருந்தது. அதில் பத்தைக் கொடுத்திருந்தால் அந்தக் குழந்தைக்கு முழுப் பால் கிடைத்திருக்கும். ஒருமுறை பேச்சுக்குக் கேட்டேன், அவன் வேண்டாம் என்றான். நான் வற்புறுத்தவில்லை. ஜப்பான் டேப் ரிக்கார்டர் ஒன்று வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருந்தேன். வெளிநாட்டில் இருந்து வந்தவன் என்று ஊரில் காட்ட ஏதாவது வேண்டாமா? இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் மேனேஜரின் டிராயரைப் பற்றி எழுதிவிட்டு இதை விட்டுவிட எனக்கு உரிமை இல்லை.

இரண்டாம் வருஷம் எனக்கு மலேரியா வந்தது. வரதராஜன் ஷிப்டில் இருந்தான். கோமளா கஞ்சி வைத்து எடுத்துவந்தாள். நான் அரைமயக்கத்தில் கிடந்தேன். கண் திறந்தபோது அவள் அறையைப் பெருக்கி முடித்து, சுவரோரம் நின்று எதையோ படித்துக்கொண்டிருந்தாள். சம்பளச் சீட்டுகளைக் கம்பியில் குத்தி ஆணியில் மாட்டியிருந்தேன். அவள் பத்தாவது வரை படித்தவள். அடியில் இருந்தது என் முதல் மாதச் சீட்டு. வரி 52.

"அண்ணே, நாங்க வர்றதுக்கு முன்னாடியே இதேதான் புடிச்சிருக்காங்க" என்றாள்.

நான் எழுந்து உட்காரப் பார்த்தேன்.

"தெரிஞ்சுகிட்டேதான் வான்னு எழுதுனீங்களா?"

"ஆமாம்மா" என்றேன்.

அவள் கம்பியை எடுத்த இடத்திலேயே மாட்டினாள். கஞ்சிப் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "நான் அவருகிட்ட சொல்லமாட்டேன். ஒங்களுக்காக இல்ல. சொல்லிட்டா இந்த ஊருல மனசு விட்டுப் பேச அவருக்கு ஒரு ஆளு இல்லாம போயிடும்" என்றாள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அதன் பிறகும் என் காய்ச்சல் விடும்வரை தினமும் கஞ்சி வந்தது. கொண்டுவந்தது வரதராஜன்.

படிவத்தில் ஒருவழியாகக் கையெழுத்து விழுந்தது. சலுகைப் பணமும், கடைசியில் கைக்கு வந்த சேமநிதியும் சேர்ந்து டிக்கெட்டுக்குச் சரியாகப் போனது. ஒப்பந்தம் முடிந்து நான் முதலிலும், சில மாதம் கழித்து அவர்களும் ஊர் வந்தோம். நான் வந்த அன்று சாப்பாடு போட்டபடியே தனம் கேட்டாள், "பாங்கிப் பணம் எப்ப வரும்?" அப்படி ஒன்று இல்லை என்றேன். "மூணு வருஷமா எழுதுனீங்களே" என்றாள். அதற்கு மேல் அவள் என்னிடம் பணம் பற்றிப் பேசியதே இல்லை, சாகும்வரை. மாமனாரின் நிலம் போனது போனதுதான். டேப் ரிக்கார்டரை அவர் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

வெளிநாட்டு அனுபவம் என்ற பெயரில் எனக்கு ஒரு தனியார் தொழிற்சாலையில் சூளைப் போர்மேன் வேலை கிடைத்தது. சர்க்கார் நிலையம் வரதராஜனைத் திரும்ப எடுக்கவில்லை. அவன் இடத்தில் வேறு ஆள் இருந்தார். நான்தான் சொல்லி அவனை எங்கள் தொழிற்சாலையிலேயே, கல் அரைக்கும் பகுதியில், தினக்கூலிக்குச் சேர்த்துவிட்டேன். மற்றவர்கள் முன்னால் அவன் என்னை "சார்" என்று கூப்பிடுவான். வேண்டாமடா என்றால், "மரியாதைன்னு ஒண்ணு இருக்குதில்ல" என்பான். கல்தூசு அவன் நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஏற்கெனவே இருமல் இருந்தது. மூன்றாவது வருஷம் கடலூர் ஆஸ்பத்திரியில் இறந்தான். நான் அவனிடம் கடைசிவரை சொல்லவில்லை. படுக்கைக்கு அருகில் இரண்டு முறை உட்கார்ந்தும் சொல்லவில்லை.

தினக்கூலி வேலைக்குப் பென்ஷன் ஏது? சில மாதம் கழித்து, ஆதரவற்ற விதவைகளுக்குச் சர்க்கார் தரும் உதவித்தொகைக்கு மனுப் போட வேண்டும் என்று கோமளா ஆள் அனுப்பினாள். தாலுகா அலுவலகப் படிவத்தை எழுதி, தொழிற்சாலை ஆள் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டுமாம். போனேன். அவள் வீட்டில் நாற்காலி இல்லை. தரையில் உட்கார்ந்து எழுதினேன். பெயர், வயது, கணவர் இறந்த தேதி. அடுத்த வரி மாத வருமானம். எனக்குக் கை நின்றுவிட்டது. அவள் பூத்தொடுத்துச் சம்பாதிப்பது எனக்குத் தெரியும். அதை எழுதினால் மனுவைத் தள்ளிவிடுவார்களோ என்று யோசித்தேன். ஒன்றுமில்லை என்றே போட்டுவிடலாமா என்று கேட்க வாயெடுத்தேன்.

அவள் பூவைக் கட்டிக்கொண்டே, நிமிராமல் சொன்னாள்: "மாசம் நுப்பது ரூவா வருது. இதுலயாவது உள்ளத எழுதுங்கண்ணே."

முப்பது என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டேன்.